அக்கா வயலின் குதிரைவாலிப் புல்

நான் வேலை பார்க்கும் கண்ணாடி அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். உள்ளே போகும்போது அங்கே நின்று கோட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது அதே இடத்தில் கோட்டைக் கழற்றி, பாக்கெட்டை வெளியே இழுத்து உதறி, காலுறையில் பசை ரோலரை உருட்டி, தலையை வாரிய பிறகுதான் அடுத்த கதவைத் தொடலாம். எதையாவது திருடிக்கொண்டு போய்விடுவேன் என்ற பயம் யாருக்கும் இல்லை. ஒரு புல்விதை என் தலைமுடியில் ஏறி ஊருக்குள் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

அறை பெங்களூருக்கு வடக்கே, ஊர் முடிந்து திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நவம்பரில் அங்கே நல்ல குளிர். கண்ணாடிக்கு வெளியே வாட்ச்மேன் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு டீ குடிப்பது தெரியும். உள்ளே எனக்கு முதுகில் வேர்வை ஓடும். புல்லுக்கு நெல்வயலின் சூடு வேண்டும் என்று ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். மனுஷிக்கு என்ன வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு டீ குடிக்க வெளியே வந்து திரும்பினால் கோட்டு, ரோலர், சீப்பு என்று அந்தச் சடங்கு முதலிலிருந்து தொடங்கும். அதற்குச் சோம்பல்பட்டே பல நாள் ஒன்றும் குடிக்காமல் உள்ளேயே கிடந்திருக்கிறேன்.

இத்தனை காபந்தோடு நான் வளர்ப்பது ஒரு களையை. குதிரைவாலிப் புல். நாம் சமைக்கிற குதிரைவாலிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் சோற்றுக்கு ஆகாது. நெல்வயலில் நெல்லோடு நெல்லாக முளைக்கும். நெல்லைப் போலவே பச்சை கட்டி, நெல்லுக்குப் போட்ட உரத்தைத் தின்று, நெல்லுக்கு முன்னால் கதிர் தள்ளி, அறுவடைக்கு ஆள் வருவதற்குள் விதையை உதிர்த்துவிட்டு நிற்கும். கதிர் வந்துவிட்டால் சின்னப் பிள்ளைக்குக்கூட அடையாளம் தெரியும். அதற்கு முன்னால் தெரிந்தால்தான் உபயோகம்.

களைக்கொல்லி அடித்தும் புல் சாகவில்லை என்று புகார் வருகிற வயல்களிலிருந்து விதையைச் சேகரித்து எங்களிடம் அனுப்புவார்கள். அதைத் தட்டில் விதைத்து, செடி சின்னதாக இருக்கும்போதே அளந்து மருந்து அடித்து, சில வாரம் காத்திருந்து எது செத்தது, எது நிற்கிறது என்று பார்ப்பது என் வேலை. சரி, மருந்து நல்ல மருந்தா, நான் அடித்தது ஒழுங்காக அடித்தேனா என்று எப்படித் தெரியும்? அதற்காக ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு தட்டு வைப்போம். மருந்து வாடையே படாத நிலத்தில் எடுத்த விதை. அடித்தால் கட்டாயம் சாக வேண்டும். அது செத்து, பக்கத்துத் தட்டு மட்டும் நின்றால் கோளாறு மருந்திலும் இல்லை, என் கையிலும் இல்லை, பக்கத்துத் தட்டில்தான் இருக்கிறது. லேபை நடத்துகிற எங்கள் மேடம் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொல்லுவார். நான் அதை ‘சாகிற தட்டு’ என்பேன்.

சாகிற தட்டின் விதை என் அக்காவின் வயலிலிருந்து வந்தது.

நாங்கள் தங்கவயல்காரர்கள். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். சுரங்கத்தை மூடிய பிறகு அவர் செய்த முதல் காரியம், அக்காவுக்கு ஆரணி பக்கம் நிலம் உள்ள மாப்பிள்ளை பார்த்தது. நிலத்தை யாரும் இழுத்து மூட முடியாது என்பது அவர் கணக்கு. சுரங்கத்து லைன் வீடுகளையும் சினிமாக் கொட்டகையையும் தவிர வேறொன்றும் பார்த்திராத பெண்ணைக் கொண்டுபோய்ச் சேற்றில் இறக்கினார்கள். முதல் வருடம் புல் என்று நினைத்து நெல்லைப் பிடுங்கிப் போட்டு மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு பிடிபட்டுவிட்டது. இலை தண்டை விட்டுப் பிரிந்து வெளியே வளைகிற இடத்தில் நெல்லுக்கு ஒரு மெல்லிய சவ்வு நிற்கும். புல்லுக்கு அந்த இடம் மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கும். அக்கா பார்க்கக்கூட மாட்டாள். பேசிக்கொண்டே விரலால் தடவித் தடவிப் பிடுங்கிப் போட்டபடி போவாள்.

அந்த ஊரில் உழுவது, வரப்பு வெட்டுவது, தண்ணீர் கட்டுவதெல்லாம் ஆண்கள் வேலை. நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் வேலை. இப்படித்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஓர் ஆண் களை எடுக்கக் குனிந்ததாக ஒரு கதைகூட அங்கே கிடையாது. பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உடம்பு நிமிர்வதற்காகக் காத்து நிற்பாள். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவள். பார்க்கிறவர்கள் அவளை என் சித்தி என்று நினைப்பார்கள். எனக்கு ஆத்திரமாக வரும்; யார்மேல் என்று சொல்லத் தெரியாது.

நான் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது, மருந்து அடிக்காத வயல் எங்காவது இருக்கிறதா என்று மேடம் கேட்டார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அக்காவுக்குப் போன் போட்டுக் களைவிதை கேட்டேன்.

“நான் இத ஒழிச்சிக்கட்ட முடியாம முதுவு ஒடிஞ்சி கெடக்கறேன். நீ வெத கேக்கறியா? ஒனுக்கு மெய்யாலுமே சம்பளம் குடுக்கறாங்களாடி?” என்றாள்.

இருந்தாலும் ஒரு துணியில் முடிந்து அனுப்பி வைத்தாள். அந்த விதை குளிர்பெட்டியில் தூங்கியது. வேண்டும்போது எடுத்து முளைக்க வைப்பேன். மருந்து பட்டதும் மறுவாரம் மஞ்சளாகி, அதற்கு அடுத்த வாரம் சாய்ந்துவிடும். ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

சில வருடங்களுக்கு முன் ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்து ஷூ கம்பெனிகளின் வேன் அக்காவின் ஊருக்கும் வரத் தொடங்கியது. களை எடுக்கிற பெண்களெல்லாம் அதில் ஏறிப் போனார்கள். ஆள் கிடைக்காமல் போகவே அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, நடவை விட்டுவிட்டு நேரடியாக விதைத்து, களைக்கு மருந்து அடிக்க ஆரம்பித்தார். மருந்து அடிப்பது டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபடி செய்கிற வேலை. ஆகவே அது ஆண்கள் வேலை. மாமா குறை சொல்லாமல் செய்தார். களை போயிற்று. அக்காவுக்கு வயலில் ஒரு வேலையும் இல்லாமல் போனது.

ஒரு நாள் அவளும் வேனில் ஏறிவிட்டாள்.

அவள் அப்போது அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் பெரிய பொட்டு, பின்னால் தையல் மெஷின்கள் வரிசையாக. “ஒக்காந்துக்கினே வேலடி!” என்று வாய்ஸ் மெசேஜில் கத்தினாள். பின்னாலிருந்து வேன் பெண்கள் சிரிக்கிற சத்தம். ஷூவின் மேல்தோலில் ஓரம் தைக்கிற வேலை. சூப்பர்வைசர் திட்டுவான், பாத்ரூம் போனால் கணக்குப் பார்ப்பான், அதெல்லாம் உண்டுதான். ஆனால் மதியம் எட்டுப் பேர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருத்தி குழம்பை இன்னொருத்தி ருசி பார்ப்பார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சினேகிதி என்ற வார்த்தையைச் சொல்லி அப்போதுதான் கேட்டேன். அவள் நிமிர்ந்து நடப்பதையும் அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

போன வருடம் சொர்ணவாரிப் பட்டத்து நெல், அதாவது சித்திரையில் விதைத்தது, அறுவடையாகி முடிந்த சமயத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

“இன்னாடி, ஒன்னோட புல்லு சாவ மாட்டன்னுது?”

“என்னோட புல்லா?”

“நீதான அத வெச்சி பொழப்பு ஓட்டற? மாமா மருந்து அடிச்சாரு. கோர எல்லாம் செத்துப்போச்சி. இது மட்டும் நின்னுது. நான் லீவு நாள்ல பாத்து சொன்னேன், மறுபடி அடிச்சாரு. அப்பவும் நின்னுது. வயலு பூரா இதான் கதிரு வுட்டு ஆடுச்சி. நெல்லு பாதிகூட தேறல. மருந்துக்கடக்காரன் டோஸ் பத்தல, இன்னும் ஊத்துன்றான்.”

பிறகு குரலைத் தணித்தாள். மாமா பக்கத்தில் இருந்திருப்பார்.

“அடுத்த பட்டத்துக்கும் இப்டியே ஆச்சின்னா வேன்ல போறத நிறுத்துன்றாருடி. வூட்ல பொம்பளய வெச்சிக்கினு வயல வுட்டுட முடியுமான்றாரு. நீ வெத வாங்கி பாரு. பாத்துட்டு மருந்துதான் கோளாறு, வேற மாத்தி அடிச்சா சரியாப்பூடும்னு அவருகிட்ட சொல்லு.”

“பாக்காம எப்டிக்கா சொல்றது?”

“பாத்துட்டே சொல்லுடி. ஆனா அதயே சொல்லு.”

விதை ஒரு ஷூ அட்டைப் பெட்டியில் கூரியரில் வந்தது. மேடத்திடம் உள்ளதைச் சொன்னேன். வடக்கே கங்காவதி என்ற ஊர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். செய், பரவாயில்லை, ஓரத்து மேசையில் போட்டுக்கொள், செலவு ஒன்றும் இல்லையே என்பதை, “மாடி, மாடி, பரவாகில்லா” என்று கன்னடத்திலேயே முடித்துவிட்டார். எழுத்தில் மட்டும் எதுவும் தரக் கூடாது, வாயால் சொல்லிக்கொள் என்றார்.

புது விதை உடனே முளைக்காது. அதை எழுப்ப எங்களிடம் வழி இருக்கிறது. எழுப்பி, ஒரு தட்டில் அதையும் பக்கத்துத் தட்டில் பழைய சாகிற விதையையும் போட்டேன். இரண்டும் அக்கா வயல். ஒன்று அவள் மண்ணில் நின்று கையால் களை எடுத்த காலத்தது, மற்றது வேனில் போக ஆரம்பித்த பிறகு வந்தது. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே மருந்து அடித்தேன். அடித்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டேன். லேபில் கும்பிட்டது அன்றைக்குத்தான். இந்தப் புல் சாகட்டும், கடைக்காரன் கலப்பட மருந்து விற்றான் என்று ஆகட்டும், மாமா அவனோடு சண்டை போட்டுக்கொள்ளட்டும், அக்கா வேனில் போகட்டும் என்று.

பழையது வழக்கம்போல மஞ்சளாகிச் சாய்ந்தது. புதியது கொஞ்ச நாள் வளராமல் முறைத்துக்கொண்டு நின்றது. பிறகு நடுவிலிருந்து ஒரு பச்சைக் குருத்தை நீட்டியது. இரண்டு பங்கு மருந்து அடித்து வைத்த இன்னொரு தட்டிலும் குருத்து வந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹீட்டர் சத்தம் காதை அடைத்தது. ஓடிப்போய் வெளிக்காற்றில் நிற்க வேண்டும்போல இருந்தது. ஆனால் ரோலரை உருட்டாமல் எங்கே ஓடுவது?

மருந்து பலம் குறைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். புல் மருந்துக்குப் பழகிக்கொண்டது என்றும் சொல்வார்கள். இரண்டும் இல்லை. ஆயிரமாயிரம் புல்லில் எங்கோ ஒன்றிரண்டு, பிறக்கும்போதே அந்த மருந்துக்கு அசையாததாகப் பிறக்கும். கையால் களை எடுத்துக்கொண்டிருந்த வரை அதற்கு எந்த மவுசும் இல்லை. மற்றதோடு சேர்ந்து அதுவும் வேரோடு வரும். மருந்து அடிக்க ஆரம்பித்ததும் மற்றதெல்லாம் செத்து, அதற்கு மட்டும் இடம் கிடைக்கிறது. சிவாஜிநகரில் பஸ்ஸே காலியானதும் உள்ளே மிச்சமிருக்கிற ஒருத்தன் கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுப்பது மாதிரிதான். நின்றது விதை போடும். அந்த விதை அடுத்த பட்டத்தில் முளைக்கும். நாலைந்து பட்டத்தில் வயல் முழுக்க அதன் வம்சமாகிவிடும்.

வேறு ஜாதி மருந்து ஒன்றை அடித்துப் பார்த்தேன். முக்கால்வாசி செத்தது. ஆனால் அது புல் இரண்டு இலை விட்டிருக்கும்போதே அடிக்க வேண்டிய மருந்து. நான் இங்கே தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டிருப்பதற்குள் மாமா அங்கே சம்பாப் பட்டத்துக்கு விதைத்து, பழைய மருந்தையே இன்னும் கொஞ்சம் கூட்டி அடித்திருந்தார்; புல் நெல்லோடு முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. இந்தப் பட்டத்தில் ஒரே வழிதான் மிச்சம்.

அந்த வழி எனக்கு மனப்பாடம். எங்கள் ரிப்போர்ட் ஒவ்வொன்றின் கடைசியிலும் அது வரும்: ‘மீந்த செடிகளைக் கதிர் வருமுன் கையால் பிடுங்கி அகற்றவும்.’ தமிழ்நாட்டுக்குப் போகிற ரிப்போர்ட்டுகளில் அந்த வரியைத் தமிழில் தட்டுவது நான்தான். யார் கை என்று அதில் இருக்காது. எத்தனையோ வயலுக்கு அதைத் தட்டி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் கை யாருடையது என்று யோசித்தேன்.

பொய் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறு மருந்து அடியுங்கள், சரியாகிவிடும் என்று சொன்னால் அக்காவுக்கு இந்தப் பட்டம் தப்பும். அறுவடையில் நெல்லுக்குப் பதில் புல் விளையும். அடுத்த பட்டம் அவளே போய் நிற்க வேண்டும், அதுவும் இன்னும் மோசமான வயலில். உண்மையைச் சொன்னால் இப்போதே நிற்க வேண்டும். இந்தப் பக்கம் போனாலும் அதே சேறு, அந்தப் பக்கம் போனாலும் அதே சேறு.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப கையால புடுங்குனா சரியாப்பூடும்ன்ற?”

“இந்தப் பட்டத்துக்கு அதான் மாமா. கதிர் தள்றதுக்குள்ள. ஒண்ணு விடாம.”

“அதுக்குதான் ஒங்கக்கா இருக்காளே” என்றார், பெரிய பாரம் இறங்கியவராக.

எனக்குச் சுள்ளென்று வந்தது. “ஏன் மாமா, நீங்க புடுங்கக் கூடாதா? அக்கா வேலைக்குப் போறா, நீங்க வயல்லதான இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“எனுக்கு எது நெல்லு, எது புல்லுன்னு தெரியாதேம்மா” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பிறந்ததிலிருந்து அந்த வயலில் இருக்கிறார். அவருடைய அப்பாவும் அங்கேதான் இருந்தார். கதிர் வருவதற்கு முன்னால் அவர்களுக்கு அது எல்லாம் ஒரே பச்சை. அம்மா எடுத்தாள், பிறகு பெண்டாட்டி எடுத்தாள், தெரிந்துகொள்ள அவசியமே வரவில்லை. மருந்து வந்த பிறகு அடையாளம் தெரிந்தவர்கள் எல்லாரும் விடிவதற்குள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அடித்த மருந்துக்குத் தப்பி நாலு புல் நின்றதை அவர் தினமும் பார்த்திருக்கிறார், நெல் என்று நினைத்துக்கொண்டு. உரமும் போட்டிருக்கிறார். அடுத்த பட்டம் அது நாற்பதாகி நின்றபோதும் அப்படித்தான். அந்த ஊர் முழுக்க இந்தக் கதையாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. கெட்டிக்கார யோசனை என்றே நினைத்தேன். தெரியவில்லை என்பதுதானே பிரச்சினை, கற்றுக்கொடுத்துவிட்டால் போயிற்று!

ஞாயிற்றுக்கிழமை செடிகளுக்குத் தண்ணீர் விடுவது என் முறை. அக்காவுக்கும் அன்று லீவு. சனிக்கிழமையே இருவரையும் பஸ் ஏறி வரச் சொன்னேன். ஜோகுபாளையத்தில் என் ஒற்றை அறை மாடி வீட்டில் தங்கினார்கள். காலையில் மூவரும் பஸ் மாறி லேபுக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளியாட்களைக் கண்ணாடி அறைக்குள் விட மாட்டார்கள். அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

“ஹீட்டர் போட்டா வளக்கறீங்க இத?” என்றாள். “இதுக்கு வந்த வாழ்வ பாரேன்.”

கதிர் வராத செடியில் விதை இல்லை என்பதால் அதை வெளியே கொண்டுவரலாம். மேடம் போனிலேயே சரி சொல்லிவிட்டார். நெல்லும் புல்லும் கலந்து நட்ட ஒரு தட்டைத் தூக்கி வந்து வாட்ச்மேன் ஷெட் பக்கத்துத் திண்டில் வைத்தேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சவ்வு எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று காட்டினேன். முதலில் தொட்ட இரண்டும் தப்பு. அக்கா கைகட்டி நின்றாள். பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இலையைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். இது புல், இது நெல்லு, இது புல், இது புல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“இவ்ளோதானா இது!” என்று என்னை அண்ணாந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

“அவ்ளோதான்” என்றாள் அக்கா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை வருடம் கண்ணாடி அறையில் அடைந்து கிடந்ததற்கு உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பும்போது சிவாஜிநகரில் இறங்கி பிரியாணி வாங்கினேன். வீட்டில் தரையில் பேப்பரை விரித்து மூவரும் உட்கார்ந்தோம். மாமா சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சவ்வைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கடவுள் எவ்வளவு சின்ன இடத்தில் கொண்டுபோய் வித்தியாசத்தை வைத்திருக்கிறான் என்று ஆச்சரியப்பட்டார். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார்.

“இது தெரியாமத்தான் இத்தினி வருஷம் இவ சொல்றதயே நம்பிக்கினு இருந்தேன். இனிமே ஒரு புல்லு வுட்டுட்டு வரட்டும் பாப்போம். வரப்புல நின்னே புடிச்சிருவேன்.”

“மாமா, நீங்க புடுங்கறதுக்குத்தான் கத்துக்கொடுத்தேன்” என்றேன்.

அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

“நானா? நான் வயல்ல குனிஞ்சா ஊரு இன்னாம்மா சொல்லும்?”

ஊர் என்ன சொன்னால் என்ன, கூலிக்கு ஆள் பாருங்கள், நாலு நாள் லீவு போட்டுக்கொண்டு நானும் வருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். ஆள் எங்கே இருக்கிறது, எல்லாம் வேனில்தானே போகிறது என்றார். அதுவும் உண்மைதான். அக்கா எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

“வுடுடி. சாப்பிடற எடத்துல ஏன் பேச்சு.”

கை கழுவும் இடத்தில் அவள் பின்னாலேயே போய் நின்றேன். நீ இங்கேயே இருந்துவிடேன் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். அவள் குழாயை மூடிவிட்டு, “இருந்து? இந்த ஒரு ரூம்புல நான் இன்னா பண்றது, அந்தாளு அங்க இன்னா பண்றது?” என்றாள். மாலை பஸ்ஸுக்கு இருவரும் கிளம்பிப் போனார்கள். படி இறங்கும்போது மாமா எனக்கு இரண்டு முறை நன்றி சொன்னார்.

மறுநாள் தஞ்சாவூர் பக்கம் ஒரு வயலுக்கு ரிப்போர்ட் போக வேண்டியிருந்தது. கடைசி வரியில் கை நின்றுவிட்டது. இந்த வரியை எடுத்துவிடலாமா மேடம் என்று கேட்டேன். எடுத்துவிட்டு வேறு என்ன எழுதுவது, நீயே சொல் என்றார். பரிகாசமாகக் கேட்கவில்லை. அந்த வரியையே தட்டி அனுப்பினேன்.

களை எடுக்க அக்கா கேட்ட அத்தனை நாள் லீவைக் கம்பெனியில் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்களாம். அக்கா அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, வேனில் போகிற அவளுடைய சினேகிதி ஒருத்தி சொன்னாள். இரண்டு வாரம் அக்காவுக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. செய்தபோது மத்தியானம். எடுத்தவள் மூச்சிரைக்கப் பேசினாள். பின்னால் தூரத்தில் மாமாவின் குரல் எதையோ சொல்லிச் சொல்லி நிறுத்தியது.

“வயல்லயா இருக்க?”

“வேற எங்க.”

“மாமா இன்னாக்கா சொல்றாரு?”

“வரப்புல நின்னுக்கினு கை காட்டறாரு. தோ அங்க ஒண்ணு, தோ இங்க ஒண்ணுன்னு.” சேற்றிலிருந்து காலை இழுக்கும் சத்தம் கேட்டது. “கரெக்டாதான்டி காட்டறாரு.”